பெரியாற்றுத் தண்ணீரும் பெயர் தெரியாத மனிதர்களும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். இறந்தவன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன். பையன் என்றுதான் எனக்கு வாயில் வருகிறது. வயது நாற்பத்து மூன்று. வரைபடம் வரைவதில் கெட்டிக்காரன். இந்திய வரைபடத்தைத் தாள் வைத்து நகல் எடுக்காமல் கையாலேயே போடுவான். படிப்பை அதோடு நிறுத்திவிட்டு, கல்குவாரியில் பாறையில் துளை போடும் வேலைக்குப் போனான். கம்ப்ரசர் மெஷினைப் பிடித்துக்கொண்டு இருபது வருடம்.

அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "டிபின்னு சொல்லி ரெண்டு தடவை ஆறாறு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு டீச்சர். இருமல் நிக்கல. நாலு படி ஏற முடியல. கடைசியா ஒரு டாக்டர்தான் எக்ஸ்ரேயப் பாத்துட்டு, 'கல்லு வேலையாம்மா?'ன்னு கேட்டாரு. நெஞ்சு பூரா கல்தூசியாம்."

வேலை செய்த இடத்தில் நஷ்டஈடு ஏதும் கொடுத்தார்களா என்று கேட்டேன். "மேஸ்திரி மூலமா போன ஆளு டீச்சர். அங்க நோட்டுலயே அவரு பேரு இல்லங்கிறாங்க" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ் பெரியாறு பிரதானக் கால்வாயைக் கடந்தது. கரை தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று உறைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் முல்லைப் பெரியாறு பாடம் நடத்தியிருக்கிறேன். பென்னிகுவிக் யார், எந்த ஆண்டு, எத்தனை அடி உயரம் என்று உங்களைக் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். அந்தக் காட்டில் பாறை உடைத்தவர்களும் கல் சுமந்தவர்களும் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. இன்றைய பாடம் அது.

முதலில் பழைய பாடத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழை மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிறது. மலைக்குக் கிழக்கே நம் வைகைச் சமவெளி காய்கிறது. அந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப முடியாதா என்ற யோசனை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு வந்தது. செலவுக்குக் கட்டாது என்று நின்றுபோனது. 1808-இல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் போய்ப் பார்த்துவிட்டு, இது நடக்காத கனவு என்று எழுதினார். பிறகு 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தது. அதன் பிறகு தள்ளிப்போட முடியவில்லை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1887-இல் வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

நாம் எப்போதும் அணையைப் பற்றித்தான் பேசுவோம். அணை மட்டும் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் நம் பக்கம் வராது. தேக்கிய தண்ணீரை மலைக்கு இந்தப் பக்கம் கொண்டுவரக் கருங்கல் பாறையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேல் சுரங்கம் வெட்டினார்கள். நீளம் சுமார் 5,700 அடி. அதன் வழியாகத்தான் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து மேலூர் வரை போகிறது. பாறையில் துளை போடுவது, வெடிமருந்து திணிப்பது, வெடித்த பிறகு உள்ளே போய்க் கல்லை அள்ளுவது எல்லாம் அதில் உண்டு. தங்கச் சுரங்கத்தில் என்ன வேலையோ அதேதான். எடுத்தது தங்கம் இல்லை, தண்ணீர்.

அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ரயில் அம்மையநாயக்கனூர் வரைதான். நீங்கள் கொடைரோடு என்று சொல்லும் ஸ்டேஷன்தான் அது. அதற்கு மேல் சாமான் எல்லாம் மாட்டுவண்டியில் கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி மலையேற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரம். சுற்றிலும் யானைக் காடு. பருவமழை வந்தால் ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சென்னை பயோனியர் படைவீரர்கள் வந்தார்கள், கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்கள் வந்தார்கள், கீழ்நாட்டிலிருந்து கூலிக்காரர்கள் வந்தார்கள்.

யானையையும் வெள்ளத்தையும் விடப் பெரிய எமன் காய்ச்சல். மலைக்காய்ச்சல் என்றும் குளிர்க்காய்ச்சல் என்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் மலேரியா. அணை வேலையில் நோயால் இறந்தவர்கள் என்று இன்று எல்லோரும் சொல்லும் எண்ணிக்கை 483. அணைக்குச் சற்று வடக்கே அவர்களைப் புதைத்த இடம் இருக்கிறது.

எங்கள் அப்பத்தாவின் பெரியப்பா ஒருவர் பெரியாற்று வேலைக்குப் போய், குளிர்க்காய்ச்சலோடு ஊர் திரும்பி, மூன்றாம் மாதம் போய்ச் சேர்ந்தார் என்று அப்பத்தா சொல்வார். அவர் பெயரை அப்பத்தா சொன்னது இல்லை, "மலைக்குப் போனவரு" என்றுதான் சொல்வார். அப்படி ஊர் திரும்பித் திண்ணையில் செத்தவர்கள் அந்த 483-இல் வருவார்களா? அங்கே புதைத்தவர்களைத்தானே அங்கே எண்ண முடியும்?

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். நான் எப்போதும் சொல்வேனே, இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரலாறு தானாகப் பேசும் என்று.

மலேரியாவுக்குக் காரணமான கிருமியை அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1880-இல் கண்டுபிடித்துவிட்டார். அது மனித உடம்புக்குள் எப்படிப் போகிறது என்று மட்டும் தெரியவில்லை. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்று என்றே பலரும் நம்பினார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியை ரொனால்டு ராஸ் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று, நம் செகந்திராபாத்தில். அணை திறந்தது 1895. இடைவெளி இரண்டே வருடம்.

அந்த இரண்டு வருடத்தின் பொருள் என்ன? மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு தேங்கி நிற்கும் தண்ணீரில், தெளிந்த தண்ணீராக இருந்தாலும், முட்டையிடும். மண் எடுத்த குழி, கல் எடுத்த பள்ளம் என்று மழைக்காட்டில் வேலை நடக்கும் எல்லா இடத்திலும் அதற்குத் தொட்டில் கட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். அந்தக் கொசு கடிப்பது இரவில், ஆட்கள் குடிசையில் தூங்கும்போது. குழிகளை மூடவோ கொசுவலை கட்டவோ அன்று எந்த அதிகாரிக்கும் காரணம் தெரியாது. காய்ச்சலுக்குச் சாராயம் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்றுகூட எழுதிவைத்தார்கள். சாராயத்தால் மலேரியாக் கிருமி சாகாது. உண்மையான மருந்து குயினைன். அதற்கான சிங்கோனா மரம் 1860-களிலிருந்தே நம் நீலகிரியில் அரசுத் தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆகவே அந்த 483 பேரில் மலேரியாவில் போனவர்களுக்கு, அறியாமையும் ஒரு பங்கு காரணம் என்று சொல்லலாம். வெள்ளைக்காரர்களும் அதே காட்டில் அதே காய்ச்சலில் படுத்தார்கள். அதனால் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை.

அடுத்த பாடம் பாறைத்தூசி.

கருங்கல்லில் துளை போடும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், இருமினால் வெளியே வந்துவிடும். கெடுதல் செய்வது கண்ணுக்கே தெரியாத துகள். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இடம் தழும்பாகி இறுகும். வேலையை விட்ட பிறகும் தழும்பு வளரும். இதுதான் சிலிகோசிஸ். குணப்படுத்த மருந்து கிடையாது. எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தெரியும். போதாக்குறைக்கு, சிலிக்கா ஏறிய நுரையீரலில் காசநோயும் எளிதாகப் பற்றிக்கொள்ளும். அதனால்தான் பல பேருக்கு டிபி மருந்தோடு கதை முடிந்துவிடுகிறது.

இதைத் தடுக்கும் வழியும் பழையதுதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் காற்றழுத்தத்தால் ஓடும் துளைக்கருவி வந்தது. வேலை வேகமாக நடந்தது, தூசியும் பல மடங்கு பறந்தது. இளம் வயதில் அடுத்தடுத்து ஆட்கள் செத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் அந்தக் கருவிக்கு வைத்த பெயர் 'விதவையாக்கி'. 1890-களின் கடைசியில் லேனர் என்பவர் கருவியின் நடுவே ஓட்டை விட்டு, துளை போடும் இடத்துக்கே தண்ணீர் போகும்படி செய்தார். தூசி சேறாகிக் கீழே வழிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் விட்டுத் துளை போட்டால் தூசி பறக்காது. இது தெரிந்து நூற்றி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

சட்டம் எப்போது வந்தது? இதற்கு நாம் கோலார் வரை போக வேண்டும். கோலார் தங்கவயலில் வேலை செய்தவர்களில் பெரும் பகுதி நம் தமிழர்கள், வட ஆற்காடு பக்கத்திலிருந்து போனவர்கள். 1897-இல் அங்கே நடந்த விபத்தில் 52 பேர் இறந்தார்கள். அடுத்து, இன்று பாகிஸ்தானில் இருக்கும் பலுசிஸ்தானத்தின் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர். அதன் பிறகுதான் அதுவரை குழுக்களில் பேச்சாக ஓடிக்கொண்டிருந்த விஷயம் வேகம் பிடித்து, 1901 மார்ச்சில் இந்தியச் சுரங்கச் சட்டம் நிறைவேறியது. 1902 ஜனவரியில் கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் திறந்தார்கள். பிறகு அது தன்பாத்துக்குப் போனது, இன்றும் அங்கே இருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல்தான் வந்தது. பெரியாற்றுச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இந்த எந்தச் சட்டமும் கிடையாது. எல்லாம் அவர்களுக்குப் பிறகு வந்தவை.

கோலாரிலும் சட்டம் வந்ததோடு சாவு நிற்கவில்லை. பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை போன சுரங்கம் அது. 1940-களில் அங்கே தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது பத்தில் நான்கு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். சுரங்கம் மூடினாலும் அந்த நுரையீரல்களுக்கு ஓய்வு கிடையாது.

சுதந்திர இந்தியா 1952-இல் புதிய சுரங்கச் சட்டம் கொண்டுவந்தது. 2020-இல் நிறைவேறிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இப்படிப்பட்ட பழைய சட்டங்களை ஒன்றாகச் சேர்த்தது. இதில் பல பேருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. வெடிமருந்து வைத்துக் கல் எடுக்கும் குவாரியும் சட்டத்தின் கண்ணில் சுரங்கம்தான். மேலூர் பக்கத்துக் குவாரிக்கும் கோலாருக்கும் சட்டத்தில் வேறுபாடு இல்லை. வேலைக்குச் சேரும்போது மருத்துவப் பரிசோதனை, பிறகு குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடியும் பரிசோதனை, செங்குத்தாக வெட்டாமல் படிபடியாக வெட்டுவது, தூசியை அடக்குவது, ஒவ்வொரு ஆளின் பெயரையும் பதிவேட்டில் எழுதுவது எல்லாம் கட்டாயம். சிலிகோசிஸ் வந்தால் அரசுக்கு அறிவிக்க வேண்டும். இழப்பீட்டுக்கு உரிய தொழில்நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது.

இத்தனையும் இருந்தும் 2022 மே மாதம் திருநெல்வேலி அடைமிதிப்பான்குளத்தில் குவாரிப் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் நமக்குப் பக்கத்திலேயே, சிங்கம்புணரி அருகே மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். இப்படிச் சாகிறவர்கள் இரண்டு நாளாவது பத்திரிகையில் வருகிறார்கள். தூசியால் செத்தவன் வருவதில்லை. அவன் பதினைந்து, இருபது வருடத்தில் மெதுவாக, வீட்டில், இருமிச் சாகிறான்.

மதுரை கிரானைட் என்றதும் நமக்கெல்லாம் என்ன நினைவு வருகிறது? 2012-இல் அப்போதைய ஆட்சியர் சகாயம் அவர்கள், அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று மதிப்பிட்டு எழுதிய கடிதம். பிறகு உயர்நீதிமன்றம் அவரையே விசாரிக்க நியமித்தது. அந்தக் கணக்கு அவசியமான கணக்குதான், நானும் கைதட்டினேன். ஆனால் வெட்டி எடுத்த கல்லுக்குக் கனமீட்டர் கணக்கு போட்ட நாம், அதை வெட்டியவர்களின் நுரையீரலுக்கு எந்தக் கணக்கும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் மாணவன் அங்கே இருந்தான் என்றுகூட எனக்குத் தெரியாது.

இதில் என்னை இன்றும் தூங்கவிடாதது "நோட்டுலயே பேரு இல்ல" என்ற அந்த ஒரு வாக்கியம். தலைக்கவசம், தண்ணீர் விட்டுத் துளை போடுவது, டாக்டர் பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகுதான். பெயர் இல்லாதவனுக்கு யார் பரிசோதனை செய்வார்கள்? அவன் வேலை செய்தான் என்பதற்கே ஆதாரம் இல்லாதபோது எந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது? 1895-இல் அந்தக் காட்டில்கூட 483 என்று ஒரு எண் எழுதினார்கள். இவன் எந்த எண்ணிலும் இல்லை. அவர்கள் காலத்தில் கொசு என்று யாருக்கும் தெரியாது. நம் காலத்தில் தூசி என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, டீச்சர் என்ன செய்யச் சொல்கிறார் என்று கேட்பீர்கள்.

உங்களில் மருத்துவர்கள் இருக்கிறீர்கள். நாள்பட்ட இருமலோடு வருகிறவரிடம் "என்ன வேலை பார்க்கிறீங்க, இதுக்கு முன்னால என்ன வேலை பார்த்தீங்க" என்று கேளுங்கள். என் மாணவன் விஷயத்தில் அந்த ஒரு கேள்வி வந்து சேர வருடக்கணக்கானது.

காண்டிராக்ட் எடுப்பவர்கள், குவாரியிலும் கிரஷரிலும் மேற்பார்வை பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு குழாய், நல்ல முகக்கவசம். மூக்கில் கட்டும் துண்டு இந்தத் தூசிக்குப் போதாது. மேஸ்திரி அழைத்து வந்த ஆளாக இருந்தாலும் பெயரைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

வேலைக்குப் போகிறவர்கள், அல்லது வீட்டில் ஒருவர் போகிறவர்கள்: சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கியில் சம்பளம் விழுந்த ஆதாரம், ஏதாவது ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டில், வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். நான் கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாள்: "பையனும் இப்ப அங்கதான் போறான் டீச்சர். கடன் இருக்கு." அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பாவைப் போலவே கை நேர்த்தி. ஐடிஐ-யில் வரைவாளர் படிப்பில் சேர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினான், மறுநாளும் வேலைக்குப் போயிருக்கிறான். அவன் சம்பளம் நின்றால் வட்டி கட்ட முடியாது. படிக்கும் காலத்துக்கு ஒரு பகுதிநேர வேலையும், அந்தக் கடனுக்கு ஒரு வழியும் கிடைத்தால் அவன் வருவான் என்று நம்புகிறேன். முடிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவன் பெயரையோ ஊரையோ இங்கே யாரும் கேட்க வேண்டாம்.

தை மாதம் பிறந்தால் ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள். தேனிப் பக்கம் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். தல்லாகுளத்தில் அவர் சிலைக்கு மாலை விழும். விழட்டும், அவர் அதற்குத் தகுதியானவர்தான். அன்றைக்கு உங்கள் வீட்டில் பொங்கல் பொங்கும்போது, அந்தத் தண்ணீருக்காகப் பாறையைக் குடைந்து பெயர் இல்லாமல் போனவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட பாடம் அது.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்